மழையும் குளிருமான நாளில் கேரவனோடு கடலோர முகாம்களைச் சுற்றிப் பார்க்கப் போகலாமா?

கேள்வி கேட்டவர் மெல்போர்னில் இருக்கிறார். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடான கேரவன், பழையது ஒன்று வாங்கியிருக்கிறார். கிரேட் ஓஷன் ரோடு என்கிற கடலோரச் சாலைப் பக்கம் போகலாம் என்று நினைத்திருந்த வார இறுதிக்கு மழை என்று வானிலை அறிக்கை சொல்கிறது. போவதா, ரத்து செய்வதா என்று கேட்கிறார்.

போங்கள். ஆனால் கொண்டாடப் போகாதீர்கள், இடம் பார்க்கப் போங்கள்.

சென்னையில் மனை வாங்கப் போகிறவரிடம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நினைவிருக்கும்: "ஐப்பசி, கார்த்திகையில ஒரு தடவை போய்ப் பாரு, அப்புறம் அட்வான்ஸ் கொடு." சித்திரை மாதத்தில் எல்லா மனையும் மேட்டு நிலம்தான். கேரவனை நிறுத்தித் தங்கும் முகாம்களும் அப்படியே. இதை நான் தெரிந்துகொண்டது பட்ட பிறகுதான்.

எங்களுடையது பதினெட்டு அடி கேரவன், மூன்றாம் கை. வாங்கிய வருடம் ஜனவரியில், இங்கே அது கோடை, ஒரு முகாமைப் பார்த்து மயங்கிவிட்டோம். ஆற்றோரம், பச்சைப்புல், இரண்டு நிமிட நடையில் கடல். அந்த மூலை இடத்தையே கேட்டுக் குளிர்காலமான ஆகஸ்டுக்குப் பதிவு செய்தோம். ஊர் பெயர் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மழை பிடித்தது. காலையில் படியிலிருந்து கால் வைத்தால் கணுக்கால் வரை தண்ணீர். வண்டியை எடுக்கப் பார்த்தபோது பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைத்தது. கடைசியில் முகாமைப் பார்த்துக்கொள்கிறவர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார். சிரிக்காமல் இழுத்துவிட்டார், அதற்கு இன்றும் நன்றி.

அந்தக் கடற்கரையில் இது அதிசயமே இல்லை. பிரின்ஸ்டவுனில் கெல்லிபிராண்ட் ஆறு, பீட்டர்பரோவில் கர்டீஸ் ஆறு என்று முகத்துவாரங்கள் பல அங்கே இருக்கின்றன. அலை மணலைக் கொண்டுவந்து குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். அடைத்த பிறகு மழை பெய்தால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் பின்வாங்கித் தாழ்வான புல்வெளியில் ஏறும். கோடையில் நாம் ஆசைப்படும் ஆற்றங்கரைப் புல்வெளி அதுதான்.

அதற்குப் பிறகு ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ மழை நாளாகப் பார்த்தே போகிறோம். பள்ளி விடுமுறை முடிந்திருக்கும். கேரவனே வீடாக அலையும் ஓய்வுபெற்றவர்கள் குளிருக்குப் பயந்து குவீன்ஸ்லாந்து பக்கம் போயிருப்பார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு மூலைகூடக் கிடைக்காத முகாம்களில் அப்போது பாதி இடம் காலி. அலுவலகத்தில் இருப்பவருக்கும் பேச நேரம் இருக்கும். "எந்த வரிசை காயும், எந்த வரிசை ஊறும்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

ஒரு யோசனை. கேரவனை இழுத்துக்கொண்டு முகாம் முகாமாக ஏறி இறங்காதீர்கள். லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரையிலான வளைவுகளில் ஈரச் சாலையில் கேரவனோடு போவது சுகமில்லை. நாங்கள் ஜீலாங், கோலாக், கேம்பர்டவுன் என்று உள்நாட்டு வழியாகப் போய் போர்ட் கேம்பெல் பக்கம் இறங்குவோம். நெடுஞ்சாலை நேரானது, மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். கேரவனைக் கழற்றி நிறுத்திவிட்டு மறுநாள் காரில் மட்டும் சுற்றல்.

போன வருடம் அப்படிச் சுற்றிய நாளில் பகல் வெப்பம் 13 டிகிரிக்குப் பக்கம். காற்றில் நிற்கும்போது அது ஐந்து போல இருந்தது. குளிர்காலத்தில் அங்கே வானிலை மேற்கிலிருந்து பட்டை பட்டையாக வரும். தொலைக்காட்சியில் கோல்ட் ஃப்ரன்ட் என்பார்கள். அது வருவதற்கு முன் வடக்குக் காற்று. கடந்த உடனே காற்று தென்மேற்குக்குத் திரும்பி, கடலையே தூக்கிக்கொண்டு வருவதுபோல அடிக்கும். மழையும் நாள் முழுக்கக் கொட்டாது. இருபது நிமிடம் அடித்து, பத்து நிமிடம் வெளுத்து, மறுபடி அடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் இறங்கிப் பார்த்துவிட வேண்டும்.

ஜொஹானா கடற்கரை முகாம் மணல் குன்றுகளுக்குப் பின்னால் இருக்கிறது. மின் இணைப்பு இல்லை, ஷவர் இல்லை. பெல்ஸ் பீச்சில் அலை சரியில்லை என்றால் அலைச்சறுக்குப் போட்டியை இங்கே மாற்றுவார்கள், அவ்வளவு பெரிய அலை. அன்று காருக்குள் கண்ணாடி ஏற்றி உட்கார்ந்தபோதும் அந்தச் சத்தம் நெஞ்சில் இடித்தது. குன்றுக்கு இந்தப் பக்கம் இறங்கி நின்றால் காற்று பாதியாகக் குறைந்தது. வெயில் நாளில் போயிருந்தால், கடல் தெரியவில்லையே என்று அந்த இடங்களைத்தான் வேண்டாம் என்றிருப்பேன்.

கேப் ஓட்வே முனையைத் தாண்டிக் கிழக்கே வந்தால் வேறு கதை. ஓட்வே மலை தென்மேற்குக் காற்றுக்குச் சுவர்போல நிற்கிறது. மேற்கே குடை இரண்டு முறை மடங்கிப்போன அதே மதியம் அப்பல்லோ பேயில் மழை நேராக விழுந்துகொண்டிருந்தது. குழந்தை இருந்தால் முதல் குளிர்காலப் பயணத்துக்கு இந்தப் பக்கமே போங்கள். கென்னெட் ரிவரில் மரத்தில் கோலா பார்க்கலாம். அதற்குக் கூடும் இல்லை, பொந்தும் இல்லை. மழையில் கிளைக் கவட்டையில் பந்துபோலச் சுருண்டு நனைந்துகொண்டிருக்கும். என் மகள் அதற்கு ரெயின்கோட் வாங்கிக் கொடுக்கச் சொல்லி ஜீலாங் வரை நச்சரித்தாள். அந்த அழகான யூகலிப்டஸ் மரங்களுக்கு அடியில் மட்டும் கேரவனை நிறுத்தாதீர்கள். காற்றில் கிளை முறிந்து விழும்.

பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் பார்ப்பதுதான். லாக் ஆர்ட் கோர்ஜ் என்கிற, செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே கடல் புகுந்த இடத்தை மட்டும் மழையில் பாருங்கள். 1878 ஜூன் 1 அன்று அங்கே உடைந்த கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இருவர். ஜனவரியில் அங்கே நீந்துகிறவர்களைப் பார்த்து அந்தக் கதையை நம்ப முடியாது. அன்று நம்பினோம்.

முகாமில் வேறு என்ன பார்ப்பது? பொதுச் சமையலறைதான் எனக்கு முதலில். நான்கு பக்கமும் திறந்த கொட்டகையா, கதவு உள்ளதா? மழை நாளில் வாழ்க்கை அங்கேதான் நடக்கும். கேரவனுக்குள் சோறு வடித்தால் ஆவி முழுக்கச் சுவரில் ஏறி, இரவில் ஜன்னலில் வழிந்து, மெத்தையின் அடிப்பக்கம் நனைந்துவிடும். குக்கரை அங்கே கொண்டுபோங்கள். தூங்கும்போதும் கூரை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். குளிருமே என்று மூடினால் மூச்சுக்காற்றே மழையாகும். அப்புறம் கழிப்பறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும் என்று நடந்தே பாருங்கள். பகலில் நாற்பது அடி, இரவு இரண்டு மணி மழையில் நானூறு.

மின்சாரம் பற்றி ஒன்று. முகாமில் கிடைப்பது 15 ஆம்பியர், அதாவது சுமார் 3,450 வாட். ஃபேன் ஹீட்டர் 2,000, கெட்டில் 2,200. இரண்டும் சேர்ந்து ஓடினால் கேரவனுக்கு மின்சாரம் தரும் கம்பத்தில் பிரேக்கர் விழும். மனைவி காபிக்குத் தண்ணீர் வைத்த நேரத்தில் நான் ஹீட்டரைப் போட, லுங்கியோடு டார்ச் பிடித்து மழையில் கம்பத்தைத் தேடியவன் நான். "ஏங்க, நீங்கதானே எலக்ட்ரிகல் இன்ஜினியர்?" என்று உள்ளேயிருந்து குரல் வேறு. மின்சாரம் போய்விட்டது என்று கேஸ் அடுப்பை ஏற்றி அறையைச் சூடாக்க மட்டும் நினைக்காதீர்கள். மூடிய கேரவனுக்குள் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும். அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

ஆனிங் என்கிற பக்கத்துத் துணிப்பந்தலை விரித்தால் ஒரு காலைத் தாழ்த்திச் சாய்வாக வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் குளம் கட்டிச் சட்டம் வளையும். காற்று எழுந்தால் சுருட்டிவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டியதை வீட்டுக்கு வந்து அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும். நாங்கள் திரும்பிய மறுநாள் மெல்போர்னில் அருமையான வெயில். வீட்டு வாசலில் கேரவனை நிறுத்தி, ஆனிங்கை விரித்து, அடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு இரவுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள்?" என்று கேட்டார்.