மருந்துத் திட்டம்: யாரைக் கேட்பது?

கேள்வி: நியூஜெர்சியில் மகனோடு இருக்கிறேன். வயது 71, மெடிகேர் (அமெரிக்க மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) உண்டு. சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று தினமும் ஏழு மாத்திரை. அக்டோபர் வந்தால் "எங்கள் மருந்துத் திட்டத்துக்கு மாறுங்கள்" என்று போன் மேல் போன். யாரை நம்புவது?
– ஒரு வாசகி, எடிசன்

பதில்: போனில் வருகிறவர்களை நம்பாதீர்கள். நீங்கள் கேட்காமல் அவர்கள் கூப்பிடுவதே விதிமீறல். மெடிகேர் அட்டை எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்.

இதற்கென்றே அரசுச் செலவில் 'ஷிப்' (SHIP) என்ற இலவச ஆலோசனை இருக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மத்திய அரசு மானியம் தருகிறது, மாநிலம் நடத்துகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு மருந்துச் சலுகைகளை எடுத்துச்சொல்ல 2008இல் தனியாகவும் பணம் ஒதுக்கினார்கள். நியூஜெர்சியில் கவுன்டிதோறும் ஆலோசகர்கள் உண்டு, பலர் பயிற்சி பெற்ற தொண்டர்கள். எந்தத் திட்டத்தையும் விற்பதில்லை, கமிஷனும் இல்லை. தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

திட்டம் மாற்ற அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைதான் அவகாசம். கடைசி வாரத்தில் ஆலோசகர் கிடைப்பது குதிரைக்கொம்பு, அக்டோபரிலேயே போய்விடுங்கள். மாத்திரை டப்பாக்களை அப்படியே பையில் போட்டு எடுத்துப்போங்கள். பெயரை மட்டும் சொன்னால் கணக்கு தப்பும்: மெட்ஃபார்மினில் சாதாரண மாத்திரைக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கும் விலை வேறாக இருக்கலாம். எத்தனை மில்லிகிராம், நாளைக்கு எத்தனை, எந்தப் பார்மசி என்பதும் வேண்டும். ப்ரீமியத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வருடம் முழுக்க ஆகும் மொத்தச் செலவைக் கேளுங்கள். 2026இல் உங்கள் கையிலிருந்து போகும் மருந்துச் செலவுக்கு 2,100 டாலர் உச்சவரம்பு உண்டு. ஆனால் திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருந்து அந்தக் கணக்கில் சேராது.

ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளையும் மறைக்காமல் காட்டுங்கள். அட்டையில் 'பாராசிட்டமால்' என்று இருப்பதும் இங்கே 'அசிட்டமினோஃபென்' என்று விற்பதும் ஒன்றேதான். தெரியாமல் இரண்டையும் விழுங்கி அளவு மீறினால் ஈரல் கெடும்.

கூடவே 'பாட்' (PAAD) பற்றியும் விசாரியுங்கள். 65 வயதானவர்களுக்கும் மத்திய அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகை (SSDI) வாங்குகிறவர்களுக்கும் நியூஜெர்சி அரசு நடத்தும் மருந்து உதவி இது. சூதாட்ட விடுதிகள் கட்டும் வரிப் பணமும் இதற்கு வருகிறது (அந்தப் பணம் இப்படியாவது உதவட்டும்). வருமான வரம்புக்குள் இருந்தால், திட்டப் பட்டியலில் உள்ள ஜெனரிக் மருந்துக்கு 5 டாலர், பிராண்டு மருந்துக்கு 7 டாலர் கொடுத்தால் போதும்.

கேள்வி: என் தம்பிக்கு 48 வயது. ஊனமுற்றோர் உதவித்தொகை (SSDI) வாங்குகிறான். அவனுக்கும் ஷிப் உதவுமா?

பதில்: உதவும். உதவித்தொகைக்கு உரிமை தொடங்கி 24 மாதம் முடிந்ததும் மெடிகேர் தானாக வரும். மருந்துத் திட்டத்தில் மட்டும் அவர்தான் சேர வேண்டும். "இப்போது மாத்திரை எதுவும் இல்லையே" என்று விட்டுவிட்டால், வேறு ஈடான காப்பீடு இல்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீத அபராதம் ஏறும். 65 வயதானதும் அந்த அபராதம் நீங்கிவிடும் என்றாலும், அதுவரை மாதாமாதம் ப்ரீமியத்தோடு கட்டியாக வேண்டும்.