1968 மிஸ் அமெரிக்கா போட்டியின்போது பெண்ணியவாதிகள் உள்ளாடைகளை எரித்தார்கள் என்பது உண்மையா? அந்தப் போராட்டத்தால் போட்டி மாறியதா?

எரித்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே முதல் கேள்விக்கான பதில். இரண்டாவது கேள்விக்கான பதில் சற்று நீளமானது; அதைச் சொல்வதற்கு அதே இரவில் அதே ஊரில் நடந்த இன்னொரு அழகிப் போட்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்க வரலாற்றைப் பாடமாக நடத்திய ஆண்டுகளில் மாணவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் உள்ளாடை பற்றித்தான்; அந்த இரண்டாவது போட்டியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மிஸ் அமெரிக்கா போட்டி 1921-இல் நியூஜெர்சி மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் தொடங்கியது ஒரு வணிக ஏற்பாடாகத்தான். செப்டம்பர் முதல் வாரத்தோடு கோடை விடுமுறை முடிந்து கடற்கரை ஊர் காலியாகிவிடும் என்பதால், சுற்றுலாப் பயணிகளை இன்னும் சில நாட்கள் தங்கவைக்க அங்குள்ள வணிகர்கள் கண்ட வழி அது. வாஷிங்டனைச் சேர்ந்த மார்கரெட் கோர்மன் முதல் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 16. பிறகு லெனோரா ஸ்லாட்டர் என்ற நிர்வாகி பொறுப்பேற்று, கல்வி உதவித்தொகை, திறன் சுற்று என்றெல்லாம் சேர்த்து அதற்கு ஒரு கௌரவமான தோற்றத்தைக் கொடுத்தார். அதே நிர்வாகத்தின் காலத்தில்தான், போட்டியாளர் நல்ல உடல்நலமும் வெள்ளை இனப் பிறப்பும் உடையவராக இருக்க வேண்டும் என்ற விதி எழுத்திலேயே இருந்தது. 1945-இல் வென்ற பெஸ் மயர்சன் யூதப் பெண். யூத அடையாளம் தெரியாத ஒரு பெயருக்கு மாறிக்கொள்ளுமாறு ஸ்லாட்டர் சொன்னதையும், தான் மறுத்ததையும் அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1968 வாக்கில் அந்த இன விதி ஏட்டிலிருந்து நீங்கிவிட்டிருந்தது. ஆனாலும் அதுவரை ஒரு கறுப்பினப் பெண்கூட அந்தத் தேசிய மேடையில் போட்டியாளராக ஏறியதில்லை.

1968 செப்டம்பர் 7, சனிக்கிழமை. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டிருந்தார். சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே இளைஞர்கள் காவல்துறையிடம் அடிவாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நியூயார்க்கில் இயங்கிவந்த ஒரு சிறு பெண்கள் குழு, கேரல் ஹானிஷ் முன்வைத்த யோசனையை ஏற்று, மிஸ் அமெரிக்கா போட்டி நடக்கும் மண்டபத்தின் முன் போராடுவது என்று முடிவு செய்தது. ஒருங்கிணைப்பில் முன்னின்றவர் ராபின் மார்கன். குழந்தை நட்சத்திரமாகத் தொலைக்காட்சியில் நடித்து வளர்ந்தவர் என்பதால், படக்கருவிக்கு எது தீனி என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. நகர மேயருக்குக் கடிதம் எழுதி அனுமதி கோரிவிட்டு, பேருந்துகளில் வந்து இறங்கினார்கள். ஆண் நிருபர்களிடம் பேசுவதில்லை என்பதையும் முன்பே அறிவித்திருந்தார்கள். பத்திரிகைகள் தங்கள் பெண் நிருபர்களை, சமையல் குறிப்பும் திருமணச் செய்தியும் எழுதிக்கொண்டிருந்தவர்களை, வெளியே அனுப்பியே ஆக வேண்டும் என்பது அதன் நோக்கம்.

கடலோர நடைபாதையில் ஒரு செம்மறியாட்டுக்கு மகுடம் சூட்டினார்கள். மிஸ் அமெரிக்கா உருவில் செய்த பெரிய பொம்மை ஒன்றை நிறுத்தி, அதனுடன் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். அப்படிப் பிணைத்துக்கொண்டவர்களில் ஃபுளோரின்ஸ் கென்னடி என்ற கறுப்பின வழக்கறிஞரும் ஒருவர். ‘விடுதலைக் குப்பைத் தொட்டி’ என்று பெயரிட்ட ஒரு தொட்டியில் பிரா, இடுப்பிறுக்கி, குதி உயர்ந்த செருப்பு, பொய் இமைகள், தலைமுடிச் சுருட்டிகள், தரை துடைப்பான், பெண்கள் பத்திரிகைகள், ஆண்களுக்கான கவர்ச்சி இதழ்கள் ஆகியவற்றை எறிந்தார்கள். எறிந்தார்கள், அவ்வளவுதான். கொளுத்தும் எண்ணம் இருந்தது உண்மையே என்றும், மரப்பலகை வேய்ந்த நடைபாதை என்பதால் காவல்துறை அனுமதிக்கவில்லை என்றும் ஹானிஷ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் எரிப்புக் கதை எங்கிருந்து வந்தது? போராட்டம் நடப்பதற்கு முன்பே, நியூயார்க் போஸ்ட் நாளிதழில் லிண்ட்சி வான் கெல்டர் என்ற இளம் பெண் நிருபர் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பு அட்டைகளை இளைஞர்கள் பொதுவில் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தப் பெண்களின் செயலையும் அந்த வரிசையில் வைத்துக் காட்டினால் வாசகர்கள் இதை ஓர் அரசியல் போராட்டமாக மதிப்பார்கள் என்று அவர் கருதினார். தலைப்பிலோ ‘பிரா எரிப்பவர்கள்’ என்ற சொற்கள் ஏறிவிட்டன. மதிப்புக் கூட்டுவதற்காகச் செய்த ஒப்பீடே கேலிக்குக் கைப்பிடியாகிப் போனது. ஆர்ட் புக்வால்ட் போன்ற நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர்கள் அதைப் பிடித்துக்கொண்ட பிறகு, நாடு முழுவதும் பரவியது கேலிதான். நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: தொட்டியில் போட்ட பொருட்கள் எரிந்ததாக உள்ளூர் நாளிதழ் ஒன்று அப்போதே எழுதியது. அமைப்பாளர்கள் அதைத் தொடர்ந்து மறுத்துவந்திருக்கிறார்கள். அந்நாளின் நிகழ்வாக இன்று புழங்கும் படங்களில் குப்பைத் தொட்டியும் அதைச் சுற்றிய கூட்டமும் இருக்கின்றனவே தவிர, தீ இல்லை. ஒருவேளை எதாவது ஒரு துணி புகைந்தே இருந்தாலும், மலைமலையாக உள்ளாடைகள் கொழுந்துவிட்டு எரிந்ததாக இன்று சொல்லப்படும் கதை கட்டுக்கதைதான்.

இந்தக் கதையின் பெரும் கேடு, அவர்கள் உண்மையில் என்ன சொன்னார்கள் என்பதை மறைத்துவிட்டதுதான். முன்கூட்டியே வெளியிட்ட அறிக்கையில் பத்துக் குற்றச்சாட்டுகள் இருந்தன. பெண்ணின் உடலைச் சந்தைப் பண்டமாக்குவது அதில் ஒன்று மட்டுமே. 1921 முதல் ஒரு கறுப்பின இறுதிப் போட்டியாளர்கூட இல்லை என்பதையும், அமெரிக்கப் பழங்குடிப் பெண் ஒருவர் ‘உண்மையான மிஸ் அமெரிக்கா’வாக ஒருபோதும் ஆனதில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. வென்ற பெண்ணை வியட்நாமுக்கு அனுப்பிப் படைவீரர்களை உற்சாகப்படுத்தும் வழக்கத்தைக் கண்டித்தது. விளம்பரதாரர்களின் பொருட்களை விற்கும் வேலையே பட்டத்தின் சாரம் என்றது. இனம், போர், வணிகம் ஆகிய மூன்றையும் பேசிய ஓர் அறிக்கை, கடைசியில் ஒரு துணித்துண்டின் கதையாகச் சுருங்கியது.

மண்டபத்துக்குள்ளும் சிலர் நுழைவுச்சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். முந்தைய ஆண்டு பட்டம் வென்ற டெப்ரா பார்ன்ஸ் விடைபெறும் உரையை நிகழ்த்தியபோது, மாடத்திலிருந்து ‘பெண்கள் விடுதலை’ என்று எழுதிய நீண்ட பதாகையை இறக்கிக் குரல் எழுப்பினார்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆயினும் மறுநாள் செய்தித்தாள்கள் வழியாக அந்தச் சொற்றொடர் நாடெங்கும் சென்று சேர்ந்தது. மகுடம் இலினாய்ஸைச் சேர்ந்த ஜூடித் ஃபோர்டுக்குக் கிடைத்தது. திறன் சுற்றில் டிராம்போலினில் குதித்துச் சாகசம் காட்டிய விளையாட்டு வீராங்கனை அவர். அவரைச் செம்மறியாட்டுடன் ஒப்பிட்டதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. போராட்டத்துக்கு யோசனை சொன்ன ஹானிஷே அதே ஆண்டு நவம்பரில் எழுதிய விமர்சனத்தில், தங்கள் முழக்க அட்டைகள் சில போட்டியாளர்களையே எதிரிகளாகக் காட்டிவிட்டன என்றும், எதிர்த்திருக்க வேண்டியது அந்த ஏற்பாட்டை நடத்தி லாபம் பெறுபவர்களை என்றும் ஒப்புக்கொண்டார்.

இனி அந்த மற்றொரு போட்டி. அதே இரவில், சற்றுத் தொலைவிலிருந்த ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியில் முதல் ‘மிஸ் பிளாக் அமெரிக்கா’ போட்டி நடந்தது. அதை நடத்தியவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜே. மாரிஸ் ஆண்டர்சன் என்ற தொழில்முனைவோர். மிஸ் அமெரிக்கா ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட தன் சிறு மகள்களுக்கு, அது நடக்காது என்று சொல்ல வேண்டிய நிலையே அவரை இதில் இறக்கியது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வட்டார நிர்வாகி ஃபிலிப் சேவேஜ் துணைநின்றார். முதன்மைப் போட்டியை முடித்துக்கொண்டு நிருபர்கள் வந்து சேரட்டும் என்று நள்ளிரவில் தொடங்கும்படி திட்டமிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சாமர்த்தியம் இது. வென்றவர் 19 வயதுக் கல்லூரி மாணவி சாண்ட்ரா வில்லியம்ஸ். இயல்பான சுருள்முடியுடன் மேடையேறி, ஆப்பிரிக்க நடனம் ஆடிப் பட்டம் பெற்ற அவர், கறுப்பினப் பெண்களும் அழகானவர்கள் என்பதைத் தன் பட்டம் காட்டும் என்றார்.

ஆக, ஒரே நாளில் ஒரே போட்டிக்கு இருவகை எதிர்ப்பு எழுந்தது. வெளியே நடைபாதையில் நின்ற பெண்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்; அந்த மகுடமே வேண்டாம் என்றார்கள். விடுதியில் கூடியவர்களோ, அழகி என்ற பெயருக்கே தகுதியற்றவர்களாக ஒதுக்கப்பட்டுவந்தவர்கள். தங்களுக்கும் ஒரு மகுடம் வேண்டும் என்றார்கள். இரண்டாவது எதிர்ப்பைச் சிறியது என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒருபோதும் தரப்படாத ஒன்றை ‘வேண்டாம்’ என்று சொல்லும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

போட்டி மாறியதா என்றால், மாறிய வரிசையைப் பாருங்கள். இரண்டே ஆண்டுகளில், 1970-இல், அயோவா மாநிலத்தின் சார்பில் செரில் பிரவுன் முதல் கறுப்பினப் போட்டியாளராக அந்த மேடையில் நின்றார். 1983-இல் வனெஸா வில்லியம்ஸ் மகுடம் வென்றார். அவருடைய அனுமதியின்றி நிர்வாணப் படங்கள் ஓர் இதழில் வெளிவந்ததால் மறு ஆண்டு ஜூலையில் பதவி விலக வைக்கப்பட்டார். எஞ்சிய காலத்துக்குப் பட்டம் ஏற்ற சூசெட் சார்ல்ஸும் கறுப்பினப் பெண்ணே. நடைபாதையில் நின்றவர்கள் கேட்டதோ மிக மெதுவாக நடந்தது. நீச்சலுடைச் சுற்று கைவிடப்பட்டது 2018-இல், சரியாக 50 ஆண்டுகள் கழித்து. அப்போது அந்த அமைப்பின் தலைவராக இருந்தவர் 1989-ஆம் ஆண்டு மிஸ் அமெரிக்காவான கிரெட்சன் கார்ல்சன். தொலைக்காட்சித் துறையில் தான் சந்தித்த பாலியல் தொந்தரவுக்கு எதிராக வழக்குத் தொடுத்தவர் அவர். அந்த முடிவுக்கு 1968-ஐ மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். முந்தைய ஆண்டு வெடித்த ‘மீ டூ’ இயக்கத்துக்கும், பல பத்தாண்டுகளாகச் சரிந்துவந்த தொலைக்காட்சிப் பார்வையாளர் எண்ணிக்கைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.