உற்றுநோக்கல் – கடிதம்

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். முன்முடிவு இல்லாமல் கண்ணில் படுவதை அப்படியே பார்ப்பதுதான் உற்றுநோக்கல் என்று சொல்லிக்கொடுத்தேன். “எதைப் பார்க்கணும்னு தெரியாம எப்படி டீச்சர் பார்க்கிறது?” என்றாள் ஒரு மாணவி. என்ன பதில் சொல்வது?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

நான் பெரும்பாலும் உங்கள் மாணவி கட்சி. நெப்டியூனைப் பாருங்கள். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் அதைக் கண்டுபிடித்தார். ஆனால் கலிலியோவே 1612 டிசம்பரில் வியாழனுக்கு அருகே அதை ஒரு நட்சத்திரமாகக் குறித்திருக்கிறார். கேம்பிரிட்ஜில் சாலிஸ், 1846 ஆகஸ்டில், இந்தக் கோளையே தேடிக்கொண்டிருந்தவர். இரண்டு முறை அதன் இடத்தைப் பதிவும் செய்தார். குறிப்புகளை உடனே ஒப்பிடவில்லை, அவ்வளவுதான். காலேயிடம், பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணித்து அனுப்பிய இடம் இருந்தது. கூட இருந்த மாணவர் டாரெஸ்ட், புதிய நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிடலாம் என்றார். காலே தொலைநோக்கியில் பார்த்துச் சொல்லச் சொல்ல டாரெஸ்ட் சரிபார்த்தார். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று சிக்கியது, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்.

இதைவிட எனக்குப் பிடித்தது பாரிஸில் நடந்தது. வானியலாளர் லாலாந்தின் நட்சத்திர அட்டவணைக்காக 1795 மே 8, 10 இரவுகளில் எடுத்த அளவுகளில், ஒரே ‘நட்சத்திரம்’ இடம் மாறியிருந்தது. நட்சத்திரமாவது, இரண்டு நாளில் நகர்வதாவது! முதல் அளவைப் பிழை என்று ஒதுக்கினார்கள். இரண்டாவது மட்டும் சந்தேகக் குறியோடு அச்சேறியது. நகர்ந்ததுதான் அங்கே சேதியே; அது நெப்டியூன். முன்முடிவு கண்ணை மறைக்கும் என்று நீங்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஒதுக்கியவர்கள் மூலக் குறிப்பை அழிக்கவில்லை. 1847இல் வாஷிங்டனில் வாக்கர் என்ற வானியலாளர் நெப்டியூனின் பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அட்டவணையில் அந்த மே 10 புள்ளியை அடையாளம் கண்டார். பாரிஸில் கையெழுத்துப் பிரதியைப் புரட்டினால் மே 8 அளவும் பத்திரமாக இருந்தது. சூரியனைச் சுற்ற சுமார் 165 ஆண்டு எடுக்கும் கோளுக்குச் சில மாத அளவுகளைக் கொண்டு பாதை வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு, அரை நூற்றாண்டுக்கு முந்தைய இடம் கிடைத்துவிட்டது. ‘பிழை’ என்று தள்ளியதும் சேர்த்துத்தான்.

நம் பள்ளிகளில் ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்க வேண்டும் என்று ரப்பரைக் கொடுத்துவிடுகிறோம். ஊசல் சோதனையில் ஓர் அளவு ஒத்துவராவிட்டால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் புதியதை எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.