மாடியில் கிழியட்டும், மலையில் கிழியக் கூடாது: டென்ட், தார்ப்பாய், முதுகுப்பை கேள்வி பதில்

ஜவ்வாது மலை, ஏலகிரி, அமிர்தி பக்கம் போய் வருகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. இந்தச் சாமான்களை வேலூரில் வீட்டு மெஷினில் தைத்து, மொட்டை மாடியில் சோதித்துப் பார்ப்பவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, மூணு பேர் படுக்கிற மாதிரி தார்ப்பாய் வேணும். கடையில விக்கிற விவசாயத் தார்ப்பாயே போதும்னு ஒருத்தர் சொல்றார். பாராசூட் துணியில தைச்சுக்கோன்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

தம்பி, முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். 3 மீட்டருக்கு 2.7 மீட்டர் என்றால் 8.1 சதுர மீட்டர். விவசாயத் தார்ப்பாயில் 120 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 120 கிராம், வாங்கினால் 970 கிராம் வரும். சிலிகான் பூசிய 20 டெனியர் (இழையின் தடிமனைச் சொல்லும் எண், குறைந்தால் மெல்லியது) பாலியஸ்டர் சதுர மீட்டருக்கு 50 கிராம் அளவில் இருக்கும், மொத்தம் 400 கிராம்தான். அரை கிலோவுக்கு மேல் மிச்சம். ஆனால் முதல் முறை போகிறவர், மூன்று பேர் மாற்றி மாற்றிச் சுமக்கப் போகிறீர்கள் என்றால் விவசாயத் தார்ப்பாயே எடுத்துப் போங்கள். வெயில் தாங்கும், விலையும் குறைவு.

கடைத்தெருவில் மெல்லிய நைலான் எல்லாவற்றுக்கும் பாராசூட் துணி என்றுதான் பெயர். பூச்சு இருக்கிறதா என்று தெரிய, துணியை வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சிப் பாருங்கள். காற்று வந்தால் பூச்சு இல்லை, மழைக்கு ஆகாது. இன்னொன்று: நைலான் நனைந்தால் நீளும். இரவில் இழுத்துக் கட்டியது மழையில் தொய்ந்து, நடுவில் தண்ணீர் தேங்கும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். கிழிசலைத் தாங்குவதில் நைலான் ஒரு படி மேல். இருந்தும் நம் ஊர் வெயிலை நினைத்து நான் பாலியஸ்டரைத்தான் எடுப்பேன்.

வாலாஜாவிலிருந்து ஒரு வாசகி: டென்ட் அட்டையில் 3000 எம்எம் வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருக்கிறார்கள். அதை எப்படி நம்புவது சார்?

நம்ப வேண்டாம் அம்மா, வீட்டிலேயே பார்த்துவிடலாம். துணி மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கசிகிறது என்பதுதான் அந்த எண்.

ஒன்றரை அங்குல பிவிசி பைப், ஒன்றரை மீட்டர் நீளம் போதும். ஒரு முனையில் துணியை மழை படும் பக்கம் உள்ளே இருக்கும்படி போர்த்தி, சைக்கிள் டியூப் பட்டையைச் சுற்றி, ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். அந்த முனை கீழே இருக்கப் பைப்பைச் செங்குத்தாகக் கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முழுக்க நிரம்பினால் 1500 எம்எம். துணியின் அடியில் முதலில் ஓர் ஈரப்புள்ளி தெரியும், பிறகு அது முத்தாகத் திரளும். ஆய்வகத்திலும் மூன்று இடங்களில் துளி எட்டிப்பார்க்கும்போதுதான் அளவைக் குறிக்கிறார்கள்.

முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான். அதே துணியைக் கசக்கி, பிழிந்து, ஒரு வாரம் பையில் திணித்து எடுத்து, மறுபடி பைப்பில் கட்டுங்கள். புதுத் துணி 1500 தாங்குவது பெரிய விஷயம் இல்லை. கசங்கிய பிறகு எவ்வளவு தாங்குகிறதோ அதுதான் அந்த டென்ட்டின் உண்மையான அளவு.

கூரைக்கு 1500 எம்எம் போதும். தரைக்குப் போதாது. முழங்கால் ஊன்றும்போது 20 கிலோ எடை 50 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால், அது 4 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். அதனால்தான் தரையில் ஈரம் ஏறுகிறது. அடியில் மெல்லிய சில்பாலின் (பிளாஸ்டிக் தார்ப்பாய்) ஒன்று வெட்டிப் போடுங்கள். விளிம்பு டென்ட்டுக்கு வெளியே நீட்டக் கூடாது, நீட்டினால் மழைத் தண்ணீரை அதுவே உள்ளே கூட்டி வரும்.

ஆம்பூர், ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர்: அண்ணே, நம்ம கிட்ட மெஷின், ஊசி, நூல் எல்லாம் இருக்கு. லீவு நாள்ல முதுகுப்பை தைக்கலாம்னு இருக்கேன். தோல் ஊசியையே போடலாமா?

போடவே கூடாது தம்பி. தோல் ஊசியின் முனை வெட்டிக்கொண்டு போகும். தோலுக்கு அது தேவை. நெய்த துணியில் போட்டால் இழையை அறுத்துவிடும். தைத்த அன்றைக்குத் தெரியாது, பாரம் ஏறும்போது தையல் ஓரமாகவே பிளந்துகொண்டு போகும். உருண்டை முனை ஊசி, மெல்லிய துணிக்கு 70 அல்லது 80 நம்பர், பாலியஸ்டர் நூல் போடுங்கள். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைத்துவிடாதீர்கள், துளை போட்ட ரசீதுப் புத்தகம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

உங்கள் ஊரில் ஒரு பெரிய வசதி, ஈவிஏ ஷீட், ஷூவுக்குள் மெத்தையாக வைக்கிற நுரைத் தகடு. அதில் மிருதுவான ரகமாக 6 மில்லிமீட்டரில் கேட்டு வாங்கினால் தோள்பட்டைக்கு அருமையாக அமையும். பையின் உடம்புக்கு 210 டெனியர் நைலான், அடிப்பாகத்துக்கு மட்டும் 420 அல்லது 500. பாறையில் உரசுவது அடிதான், மற்ற இடத்தில் தடித்த துணி வீண் சுமை. பலம் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் வையுங்கள், எடை தானாகக் குறையும்.

தைத்து முடித்ததும் 12 கிலோ அரிசியைக் கட்டிப் போட்டுச் சோளிங்கர் பெரிய மலை ஏறி இறங்குங்கள். 1,305 படி. இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியிலும் பட்டை குலுங்கி இழுபடும். கீழே வந்ததும் பட்டை சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊசித் துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால் அங்கே உள்பக்கம் இன்னொரு துணி வைத்துத் தைக்க வேண்டும்.

திருவண்ணாமலை, வங்கி ஊழியர்: தார்ப்பாயின் மூலைக்காது, அதாவது கயிறு கட்டுகிற வளையம், காற்றில் பிய்ந்துவிட்டது. எவ்வளவு பலம் தேவை என்று கணக்கு உண்டா?

உண்டு சார். 40 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 8 கிலோ அழுத்தும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்கு. 4 சதுர மீட்டர் பக்கம் ஒன்றில் 40 கிலோமீட்டர் காற்றுக்கே 30 கிலோவுக்கு மேல், அதை மூன்று நான்கு காதுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. காதுக்குப் பத்து கிலோ வரை வரும், காற்றின் உதறலுக்காக அதை இரட்டிப்பாக்கி ஒவ்வொரு காதும் 20 கிலோவாவது தாங்க வேண்டும் என்று வையுங்கள். 20 லிட்டர் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் காதில் தொங்கவிட்டு, ஆட்டியும் விடுங்கள். காற்று சும்மா இழுப்பதில்லை, உதறும்.

கிழிந்தால் எங்கே கிழிந்தது என்று பாருங்கள். நூல் அறுந்தால் நூலை மாற்றலாம். ஒட்டுத் துணியின் ஓரத்தில் தார்ப்பாய் கிழிந்திருந்தால் ஒட்டு சிறிது என்று அர்த்தம். அகலமாக, மூலையை வட்டமாக வெட்டி வையுங்கள்.

ஜவ்வாது மலையில் பாறைத் தரை நிறைய, முளை இறங்காத இடத்தில் கயிற்றைச் சின்னக் கல்லில் சுற்றி, அதற்கு முன்னால் கயிற்றின் மேலேயே பெரிய கல்லைத் தூக்கி வைத்தால் நகராது.

திருப்பத்தூர், ஆசிரியை: மார்கழியில் ஏலகிரியில் தங்கினோம். காலையில் டென்ட் உள்ளே முழுக்க ஈரம். மழையே இல்லை. துணி ஒழுகுகிறதா?

இல்லை டீச்சர், அது உங்கள் மூச்சுதான். தையல் கோட்டை ஒட்டி மட்டும் ஈரம் இருந்தால் ஒழுகல். எங்கும் பொடி முத்தாகப் படிந்திருந்தால் உள்காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீரானது. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடியிருப்பீர்கள். மேலும் கீழும் ஒரு கை நுழைகிற அளவு திறந்து வையுங்கள். ஏரிக்கரையிலும் பள்ளத்திலும் போடாமல், கொஞ்சம் மேடாக மரத்தடியில் போட்டால் பாதி குறையும். காய்ந்த கிளை இல்லாத மரமாகப் பாருங்கள்.

குடியாத்தம், மெத்தைக் கடைக்காரர்: ஸ்லீப்பிங் பேக்கில் இலவம் பஞ்சு அடைக்கலாமா?

ஐயா, எடையில் அது அபாரம், தண்ணீரையும் எளிதில் குடிக்காது. ஆனால் சுருட்டி அழுத்தி எடுத்துப் போனால் பழையபடி உப்பாது, திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும். சூடு நிற்பது அந்த உப்பலில்தான். தலையணைக்கு வையுங்கள், படுக்கைப் பைக்குப் பாலியஸ்டர் ஃபைபர் ஷீட் போடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: டென்ட்டுக்குள் ஸ்பிரிட் அடுப்பு பற்றவைக்கலாமா?

கூடாது. துணி நொடியில் பற்றும், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கும். வெளியிலும் காய்ந்த சருகு இருக்கிற மாசத்தில் தீயே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை யாரும் மறக்கக் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் தங்கவும் கூடாது.

ஆரணியிலிருந்து: உண்ணிச்செடி முள் குத்தி சிலிகான் துணி கிழிந்துவிட்டது. எந்த டேப்பும் ஒட்ட மாட்டேங்குது அண்ணா.

சிலிகானில் சிலிகான்தான் ஒட்டும். கண்ணாடி ஒட்டுகிற சிலிகான் டியூப் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கிழிசலைவிட இரண்டு விரல் பெரிதாக அதே துணியில் ஒட்டு வெட்டி, இரண்டு பக்கமும் துடைத்து, மெல்லியதாகத் தடவி ஒட்டி, மேலே புத்தகம் வைத்து அழுத்துங்கள். ஒட்டுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் போடுங்கள். தையல் துளைகளை அடைக்கவும் இதே சிலிகானைப் பெயின்ட் கடை டர்பென்டைனில் கரைத்து, பிரஷ்ஷால் தடவலாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒரு நாள் முழுக்கக் காயட்டும், அதுவரை மடிக்காதீர்கள்.