சேர்ந்து சாப்பிட்டால் உடம்புக்கு அப்படி என்ன நன்மை?

தனியாகச் சாப்பிட்டாலும் அதே சத்துதானே, வீட்டாரோடும் நண்பர்களோடும் உட்கார்ந்து சாப்பிட்டால் மட்டும் என்ன கூடுதலாகக் கிடைத்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் நன்மை அடுப்படியிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு ஆளுக்குச் சமைக்கும்போது ஒரு காய்க்கு மேல் நறுக்க மனசு வராது. கால் கிலோ வாங்கினால் பாதி வாடிப்போகும். கடைசியில் ரசமும் அப்பளமும், இல்லையென்றால் தயிர்சாதமும் ஊறுகாயும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டாஞ்சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்காய், கத்திரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், மாங்காய், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, அப்புறம் தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் வைத்து அரைத்த மசாலா. தனக்காக மட்டும் இத்தனையும் யார் வாங்கி நறுக்குவார்கள்? நாங்கள் சில குடும்பங்கள் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து இதைச் செய்கிறோம். வீட்டுக்கு ஒரு காய் நறுக்கிக் கொண்டு வந்துவிடுவார்கள். செலவும் குறைவு, வேலையும் குறைவு.

அதிக லாபம் தனியாக இருக்கிற பெரியவர்களுக்குத்தான். என் சித்தி ராத்திரியில் ரெண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். கேட்டால், "எனக்கு ஒருத்திக்குன்னு அடுப்பப் பத்த வைக்கணுமாக்கும்?" என்பார். வயதாக ஆகச் சதை கரையும். பருப்பு, சுண்டல், முட்டை மாதிரி புரதம் உள்ளது அப்போதுதான் அதிகம் தேவை. ஆனால் சமைக்கிற ஆசை போய்விட்ட பிறகு சத்துப் பட்டியலைக் கொடுத்து என்ன பயன்? எங்களோடு உட்கார்ந்தால் அதே சித்தி ரெண்டாம் தடவை கூட்டு கேட்டு வாங்குகிறார்.

பிள்ளைகளும் அப்படித்தான். புதுக் காய் ஒன்று பிடிபட அது பத்துத் தடவைகூடத் தட்டில் வர வேண்டியிருக்கும். பக்கத்தில் கூட்டாளி மென்றுகொண்டிருந்தால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கிறது.

இது வெறும் பாசப் பேச்சு இல்லை. பிரேசில் அரசு 2014-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும், கனடாவின் 2019 வழிகாட்டியிலும் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு சிக்கலும் உண்டு. தெரிந்தவர்களோடு உட்கார்ந்தால் நாம் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிடுகிறோம். ஆய்வுகளும் அதைத்தான் காட்டுகின்றன. ஆகவே நடுவில் என்ன வைக்கிறோம் என்பது முக்கியம். வாராவாரம் பிரியாணியும் கூல்டிரிங்ஸும் என்றால் கூட்டம் சேர்ந்ததால் கெடுதல்தான். சர்க்கரை உள்ளவருக்கு "இன்னும் ஒரு கரண்டி" என்று சோற்றைத் தள்ளுவதை நான் அன்பு என்றே சொல்ல மாட்டேன். முதலில் பொரியலும் கூட்டும், அப்புறம் சோறு, அதையும் அவரவரே போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, பெண்கள் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ஆறிப்போனதைத் தனியாகச் சாப்பிட்டால் மேலே சொன்ன எதுவும் அவர்களுக்குக் கிடைக்காது. பாத்திரங்களை நடுவில் வைத்துவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். எங்கள் கூட்டத்தில் பாத்திரம் கழுவுவது ஆண்கள் வேலை. சோறு அடிப்பிடித்த அன்றைக்கு மட்டும் என் மச்சானுக்கு எங்கிருந்தோ அவசர போன் வந்துவிடும்.