கட்டிலிலேயே யோகா: வாசகர் கேள்வி பதில்

*எனக்கு வயது 63. முழங்கால் தேய்மானம். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். கட்டிலில் படுத்தபடியே ஆசனம் செய்யலாமா?*
– ஈசூன் வாசகி

தாராளமாகச் செய்யலாம், படுத்துச் செய்பவற்றை மட்டும். மண்டியிட்டோ கையை ஊன்றியோ செய்பவை மெத்தைக்கு ஆகாது. பூனைபோல் கையும் முழங்காலும் ஊன்றிச் செய்யும் மார்ஜாரி ஆசனத்தில் உள்ளங்கை மெத்தையில் அமிழ, மணிக்கட்டு அளவுக்கு மீறி மடங்கி வலிக்கும். கட்டில்மேல் நிற்கவே வேண்டாம்.

முதலில் மெத்தையைப் பாருங்கள். மல்லாந்து படுத்ததும் இடுப்பு பள்ளத்தில் இறங்கினால், அதன்கீழ் ஒரு போர்வையை நான்காக மடித்து வையுங்கள். மெமரி ஃபோம் மெத்தை சூட்டில் இளகும், குளிரில் இறுகும். ஏர்கான் ஓடிய அறையில் காலையில் அது கெட்டியாக இருப்பது நமக்குச் சாதகம்தான். தலையணை ஒன்று போதும், மெல்லியதாக.

கணுக்காலில் தொடங்குங்கள். பாதத்தை முன்னும் பின்னுமாக 20 முறை அசையுங்கள். அடுத்து, மூச்சை விட்டபடி ஒரு முழங்காலை மார்புப் பக்கம் இழுங்கள். கையை முழங்கால்மேல் கோக்காமல் தொடையின் பின்புறம் பிடியுங்கள். தேய்ந்த மூட்டு நசுங்காமல் இருக்க அதுதான் வழி. 5 மூச்சு இருந்துவிட்டுக் கால் மாற்றுங்கள்.

பிறகு சேதுபந்தாசனம். முழங்கால்களை மடித்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, குதிகாலை அழுத்தி இடுப்பை ஒரு சாண் உயர்த்தினாலே போதும். 3 மூச்சு நிறுத்தி இறக்குங்கள், 5 முறை. தொடையின் பின்புறத் தசை பிடித்துக்கொண்டால் பாதம் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம், புட்டத்துக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். கடைசியாக, மடித்த கால்களை ஒரு பக்கம் சாயுங்கள். சாயும் பக்கத்தில் தலையணை வைத்தால்தான் முழங்கால் தொங்காது, அடிமுதுகும் முறுக்கிக்கொள்ளாது. எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபொரோசிஸ்) இருந்தால் இந்தத் திருப்பலை விட்டுவிடுங்கள்.

*நாள் முழுக்க நின்றபடி வேலை. சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் வீக்கம் குறையும் என்கிறார்கள். எனக்குக் கண் அழுத்த நோய் (குளுக்கோமா) உண்டு.*
– உட்லண்ட்ஸ் வாசகர்

காலை உயர்த்தினால் தேங்கிய நீர் இறங்கும், உண்மைதான். ஆனால் இடுப்புக்குக் கீழே தலையணை கொடுத்து உடலைத் தலைப்பக்கம் சரியவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அந்த வடிவம் உங்களுக்கு வேண்டாம். இடுப்பு மெத்தையிலேயே கிடக்கட்டும். கெண்டைக்காலை மட்டும் இரண்டு தலையணைமேல் 10 நிமிடம் வையுங்கள். தலைக்கு வழக்கமான தலையணை இருக்கட்டும். இதையும் கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள். இருதயம் பலவீனமானவர்களும் அப்படியே.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அது ஆசனம் செய்யும் நேரமல்ல. இரத்தக் கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். கூடவே மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

*காலையில் இவற்றைச் செய்து முடித்து எழுந்ததும் தலை சுற்றுகிறது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன்.*
– பிடோக் வாசகி

படுத்திருந்து சட்டென்று நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கிவிடும். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அழுத்தம் ஈடுகட்டச் சற்று நேரமாகும். ஒருக்களித்துப் புரளுங்கள், காலைக் கட்டிலுக்கு வெளியே விடுங்கள், கையால் தள்ளி உட்காருங்கள். அப்படியே 2 நிமிடம் கணுக்காலை ஆட்டிவிட்டு எழுந்திருங்கள். பாதம் தரையில் முழுதாகப் படியாத உயரமான கட்டில் என்றால் அடியில் உறுதியான படி ஒன்று வேண்டும். அப்படியும் சுற்றினால் பலதுறை மருந்தகத்தில் படுத்தும் நின்றும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

*அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி மூன்று வாரம் ஆகிறது. முழங்காலை மார்புக்குக் கொண்டுவரலாமா?*
– தோ பாயோ வாசகர்

இப்போது கூடாது. சில அறுவை முறைகளுக்குப் பிறகு இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கினாலோ காலைக் குறுக்கே போட்டாலோ மூட்டு விலகும் ஆபத்து உண்டு. கணுக்கால் அசைவு பொதுவாகப் பாதகமில்லை. மற்றதை அவருடைய இயன்மருத்துவர் சொல்லட்டும்.

*இரவில் செய்தால் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். தவறா?*
– அங் மோ கியோ வாசகி

இரவென்றால் நல்லதுதானே! முழங்காலுக்கடியில் வைத்த தலையணையை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க மடங்கியே கிடந்தால் காலையில் முழங்கால் விறைத்திருக்கும். சப்பருக்கு பரோட்டா சாப்பிட்ட இரவுகளில் இரண்டு மணி நேரமாவது விட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் நெஞ்செரிச்சல்தான்.