கரைப்பானை மாற்றினால் நிறம் ஏன் மாறுகிறது? கேள்வி பதில்

கேள்வி (இளங்கலை மாணவி): கோபால்ட் குளோரைடு தண்ணீரில் ரோஜா நிறம், அசிட்டோனில் நீலம். எதிரெதிர் மின்சுமை கொண்ட இரண்டு அயனிகள் கரைசலில் ஒட்டி நிற்பதை அயனி இணை என்கிறார்கள், அதனாலும் நிறம் வரும் என்கிறார்கள். இதுவும் அப்படித்தானா சார்?

பதில்: இல்லைம்மா. அயனி இணையில் இரண்டு அயனிகளும் உருக்குலையாமல் பக்கத்தில் நிற்கும். இங்கே குளோரைடு கோபால்ட்டோடு நேராகவே பிணைந்துவிடுகிறது. தண்ணீரில் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த எண்முகி: 510 நா.மீ. (நானோமீட்டர்) அருகே மங்கலான பட்டை, அதாவது ஒளியை உறிஞ்சும் அலைநீளப் பகுதி; மோலார் உறிஞ்சல் குணகம் (எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 5. அசிட்டோனில் நான்முகி: 600–700 நா.மீ.யில் அதே குணகம் பல நூறு. ஆகவே தண்ணீரில் 0.05 மோலார் எடுத்தால், அசிட்டோனில் 0.001 போதும். அசிட்டோனில் ஈரம் ஏறியிருந்தால் நீலம் வெளுத்துவிடும்.

கேள்வி (ஆய்வு மாணவர்): 1-எத்தில்-4-கார்போமீத்தாக்ஸிபிரிடினியம் அயோடைடு அசிட்டோனில் 435 நா.மீ.யில் பட்டை தருகிறது. தண்ணீரில் அதைக் காணோம். உப்பு கெட்டுவிட்டதா?

பதில்: உப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அயோடைடின் எலக்ட்ரான் பிரிடினியத்துக்குத் தாவுவதால் வரும் பட்டை அது. இரண்டும் ஒட்டி நின்றால்தான் உண்டு. வேதியியலாளர் கோசோவர் 1958இல் இதையே கரைப்பான்களின் முனைவுத்தன்மைக்கு (மூலக்கூறில் மின்சுமை பிரிந்திருக்கும் தன்மைக்கு) அளவுகோலாக்கினார். 28591ஐ நா.மீ.யில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால், மோலுக்குக் கிலோகலோரியில் இசட் (Z) மதிப்பு, அதாவது அந்த அளவுகோலின் எண்: அசிட்டோன் 65.7, அசிட்டோநைட்ரில் 71.3, எத்தனால் 79.6, மெத்தனால் 83.6.

முனைவு மிகுந்த கரைப்பான், அடிநிலையில் (ஒளி படுமுன்) உள்ள அயனி இணையைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒளி பட்டதும் மின்சுமை போய்விடுகிறது; சூழ்ந்த மூலக்கூறுகளுக்குத் திரும்பிக்கொள்ள அவகாசமில்லை. அதனால் ஆற்றல் இடைவெளி விரிந்து, பட்டை குறைந்த அலைநீளத்துக்கு நகர்கிறது. தண்ணீரில் பெரும்பாலான இணைகள் பிரிந்துவிடும். எஞ்சியது 302 நா.மீ. அருகே, பிரிடினியத்தின் சொந்த உறிஞ்சலில் புதைந்துபோகும். தண்ணீரின் 94.6 என்ற மதிப்பே கலவைக் கரைப்பான்களிலிருந்து நீட்டிக் கணித்ததுதான்.

கேள்வி: பட்டை இணையால்தான் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து, 1 செ.மீ. கியூவெட்டுக்கு (கரைசலை ஊற்றி ஒளி செலுத்தும் சிறு கலத்துக்கு) பதில் 10 செ.மீ. கியூவெட்டில் அளந்து பாருங்கள். தனி அயனியின் பட்டை என்றால் அளவு மாறாது, இணையுடையது சரியும். இணைதல் பலவீனமானால் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகும். பிறகு டெட்ராபியூட்டைல்அம்மோனியம் அயோடைடு சேர்த்தால் ஏறவும், அதே நேரயனியின் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் சேர்த்தால் இறங்கவும் வேண்டும். பெர்குளோரேட் வேண்டாம், காய்ந்தால் வெடிக்கக்கூடும்.

கேள்வி: பொட்டாசியம் அயோடைடு நீர்க்கரைசலில் 226 நா.மீ. பட்டையோடு 288, 351இலும் மேடுகள் தெரிகின்றன. இவையும் இணையா?

பதில்: இல்லை, ட்ரைஅயோடைடு (மூன்று அயோடின் அணுக்கள் சேர்ந்த அயனி). காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் நடந்திருக்கிறது. தயோசல்ஃபேட் போட்டால் மேடுகள் மறையும், ஆனால் அதுவே 250க்குக் கீழே உறிஞ்சி உங்கள் 226ஐக் கெடுக்கும். காற்று நீக்கிய நீரில் புதிதாகக் கரைப்பதே மேல்.

கேள்வி: ஃபுளோரினைல் சோடியம் என்ற உப்பு, டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் அறை வெப்பநிலையில் 356 நா.மீ., −50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 373. சேர்மம் மாறிவிட்டதா?

பதில்: சேர்மம் அதேதான், இணைதான் மாறியது. குளிரில் கரைப்பான் சோடியத்தைச் சூழ்ந்து, எதிரயனியிடமிருந்து (ஃபுளோரினைலிடமிருந்து) விலக்கிவிடுகிறது. சோடியம் அயனியை வளையத்துக்குள் பிடித்துக்கொள்ளும் கிரவுன் ஈதர் சேர்த்தால் குளிர்விக்காமலே 373 வரும். ஈரமும் ஆக்சிஜனும் நுழைந்தால் மட்டும் இரண்டு பட்டைகளுமே போய்விடும்.